நட்சத்திரம் தாண்டட்டும் என்றார்கள்

கோயம்புத்தூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை விட்டபோது முதலில் என் கண்ணில் பட்டவை அக்காவின் கைகள்தான். இரண்டு மணிக்கட்டையும், காயத்துக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூக்கையும் வாயையும் மூடியிருந்த மாஸ்க்கை அவள் திரும்பத் திரும்பப் பிடுங்கிப் போட்டாளாம். அதனால் கட்டினார்களாம். பக்கத்தில் நின்ற நர்ஸ் சின்னப் பெண். "அவங்க நல்லதுக்குத்தான் சார்" என்றது. அந்தப் பெண்ணை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் அன்று சொன்னது போதாது என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. இன்றைக்குத் திருப்பூர் மண்ணரையில் என் பேரில் மூன்று கட்டடம் நிற்கிறது. இங்கிலீஷில் ஒரு வரி தெரியாமல், துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே வெளிநாட்டுக்காரனோடு விலை பேசி முடித்தவன் நான். எம்.பி.ஏ. படித்த பையன்கள் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பெருமை பேசுகிறான் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பேசுகிற அளவுக்குச் சம்பாதித்துத்தான் பேசுகிறேன். ஆனால் அதில் பாதிக்கு மேல் என் அக்காவுக்குச் சேர வேண்டியது. அதையும் நான் எந்த மேடையிலும் மறைத்ததில்லை.

எங்களுக்கு அவிநாசிபாளையம் பக்கம் மானாவாரிக் காடு. புருஷன் செத்து, இடுப்பில் பையனோடு அக்கா பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருடம் மழையும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை. இரண்டு பேரும் திருப்பூருக்கு பஸ் ஏறினோம். நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்குத் துணி விரிக்கப் போனேன். அக்கா கைமடிக்கப் போனாள். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்துக் கொடுப்பதும் தைத்ததைப் பிரித்து அடுக்குவதும்தான் கைமடி வேலை. அந்தக் காலத்தில் பெண்களுக்கு அதற்கு மேல் வேலை கொடுக்க மாட்டார்கள். டெய்லர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் இவள் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துண்டுகளைத் தைத்துப் பழகிவிட்டாள். ஒரு நாள் சாப்பிட்டு வந்த டெய்லர் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மணி, என்ற சீட்டுலயே உக்காந்துட்டீங்க, நான் போயிக் கைமடிக்கட்டுங்களா?" என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறான். "உக்காருங்க, சொல்லித் தாரன்" என்றாளாம். நாங்கள் சொந்தமாகப் பழைய மெஷின் வாங்கிப் போட்டபோது முதல் டெய்லர் அவள்தான். நான் வெட்டுவேன், அவள் தைப்பாள். யாரையும் எதிர்பார்க்காமல் ஒரு கம்பெனி எழுந்தது இப்படித்தான்.

பிறகு அவள் பையன், அதாவது என் மருமகன், படித்து வந்து தனியாகக் கம்பெனி போட்டான். கீழே கம்பெனி, மேலே வீடு. ஒரே கேட்டு, ஒரே படிக்கட்டு. திருப்பூரில் பாதிப் பேர் அப்படித்தான் குடியிருக்கிறார்கள். ராத்திரி மெஷின் ஓடும் அதிர்வில் தூங்கிப் பழகியவர்கள், ஞாயிற்றுக்கிழமை தூக்கம் வரவில்லை என்பார்கள். வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டா முறையை எடுத்துவிட்ட பிறகு ஆர்டர் கொட்டிய காலம் அது. நேற்று வரை ஜாப் ஒர்க் என்று பிறருக்குக் கூலிக்குத் தைத்தவன் எல்லாம் எக்ஸ்போர்ட்டர் என்று போர்டு மாட்டினான். மருமகனுக்கும் முதல்முதலாகப் பெரிய ஆர்டர் ஒன்று நேரடியாகக் கிடைத்தது. அதே சமயத்தில்தான் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது.

ஆபரேஷன் செய்தோம். அதற்கப்புறம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை, அப்படியும் பொறுத்துக்கொண்டாள். கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு கட்டி மறுபடி வந்து, நெஞ்சு வரைக்கும் பரவிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மருமகனையும் எதிரில் உட்கார வைத்தாள். "நல்லாக் கேட்டுக்குங்க ரெண்டு பேரும். பாக்க வேண்டிய வைத்தியம் பாத்தாச்சு. இனி எனக்கு மூச்சு முட்டினாலும் சரி, நெனவு தப்பினாலும் சரி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போகாதீங்க. வலிக்கு மட்டும் எதாச்சும் குடுங்க. ஊட்டுல கெடந்து போயிக்கறன்" என்றாள். மருமகன் அழுதான். நான் தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான். இதற்குச் சாட்சி வேறு வேண்டுமா? பேசி முடித்த விஷயம் அது.

மூச்சு முட்டியபோது நான் பாம்பேயில் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். மருமகன் பயந்துவிட்டான். பயப்பட்டதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன், பெற்ற தாய் கண் முன்னால் திணறினால் யாருக்கும் கை கால் ஓடாது. ஆனால் அவனுடைய மாமனார் வந்துவிட்டார். மங்கலத்தில் தறிக்கூடம் வைத்திருக்கிறவர், கையில் நாலு மோதிரம், எந்தக் காரியத்திலும் முன்னால் நிற்கிறவர். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போடுங்க, நாலு பேரு நம்மளைக் கேப்பாங்க" என்று கோயம்புத்தூருக்கு ஏற்றிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், நோயாளியைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது எந்த ஆஸ்பத்திரி என்றுதான். ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாசம். தினமும் காலையில் கவுன்டரில் பணம் கட்டச் சொல்லி ஆள் வரும்போது, வராந்தாவில் இருக்கிற உறவுக்காரர்கள், "அம்மாளுக்கு எப்பிடிச் செலவு பண்றான் பாரு" என்று மெச்சிக்கொள்வார்கள். உள்ளே அந்த அம்மாளின் கையைக் கட்டிப் போட்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது செலவுக் கணக்கில் வராது.

நான் ரயிலை விட்டு இறங்கி நேராக அங்கே போய், அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். மருமகன் ஜன்னல் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "ரேவதி என்னிக்குங்க முடியுது? காலைலயா, சாயங்காலமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வைத்ததும், "ஏம் மாப்பிள்ளை, பேசுனது யாரு?" என்றேன்.

"ஜோசியருங்க மாமா."

"இப்ப எதுக்கு ஜோசியரு?"

அவன் மாமனார்தான் பதில் சொன்னார். "அவிட்டம் பொறந்துருச்சுங்க. அடைப்பு நட்சத்திரம். இன்னிக்கு நாளைக்கு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா ஆறு மாசம் ஊட்டை அடைக்கோணும். அதான், மூச்சு மெஷின் வெச்சுப் புடிச்சு நிறுத்துனா அஞ்சு நட்சத்திரமும் தாண்டீரும். டாக்டருகிட்ட மெஷின் மட்டும் வெக்கச் சொல்லியாச்சு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவிட்டம் தொடங்கி ரேவதி வரைக்கும் அடுத்தடுத்து வருகிற ஐந்து நட்சத்திரங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்கு தோஷம் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். வீட்டை ஆறு மாசம் பூட்டிப் போட வேண்டும், யாரும் புழங்கக் கூடாது. மருமகனுக்கு வீட்டைப் பூட்டுவதென்றால் கம்பெனியைப் பூட்டுவது. தைத்த சரக்கும் தைக்க வேண்டிய சரக்கும் கீழே மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. கப்பல் தேதி நெருங்குகிறது. வேறு இடத்துக்கு மெஷினைத் தூக்கலாம் என்றால், வெளிநாட்டுக்காரன் வந்து பார்த்து ஒத்துக்கொண்ட கட்டடம் அது, வேறு இடத்தில் தைத்தால் சரக்கை எடுக்கமாட்டான். இது எனக்குத் தெரியாதா? இந்தத் தொழிலின் கழுத்துப்பிடி என்னைவிட யாருக்குத் தெரியும்?

"ஆஸ்பத்திரியில போனாக்கூட ஊட்டுக்கா தோஷம்?" என்று கேட்டேன்.

"உசுரு ஒரு ஊட்டுல போனா அந்த ஊட்டுக்கு. ஆஸ்பத்திரியில போனா, குடியிருந்த ஊட்டுக்குன்னு ஜோசியர் சொல்றாருங்க" என்றான் மருமகன்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் தோஷம் ஒட்டாதாம். ஒட்டினால் அவர்கள் ஒரு நாள்கூடத் திறந்து வைக்க முடியாது இல்லையா? ஜோசியருக்கு அந்த அளவுக்கு விவரம் இருந்தது. "சரி, அந்த மெஷின் வெச்சா அவ பொழைப்பாளா மாப்பிள்ளை?" என்றேன். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். "அஞ்சு நட்சத்திரமும் தாண்டிப்போச்சு, அப்பறம்?"

"அப்பறம் எடுத்தரலாமுங்க மாமா" என்றான். மெல்லத்தான் சொன்னான். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்டைக்குள் குழாயைச் செருகி, அவள் கத்த முடியாமல், பேச முடியாமல், கையைக் கட்டிப் போட்டு, காற்றை அடித்து அடித்து நட்சத்திரத்தை வழியனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு எடுத்துவிடுவார்களாம். சரக்கு வாங்குகிற பையரிடம் டெலிவரி தேதியைத் தள்ளிக் கேட்போமே, அது மாதிரி சாவைத் தள்ளிக் கேட்கிறார்கள். சரக்குக்கு வலிக்காது. இவளுக்கு வலிக்குமே! பிழைக்க வைப்பதற்கு என்று எவனோ மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த மெஷினை, கதவு சாத்தாமல் இருக்கக் கட்டையை முட்டுக் கொடுப்பது போல முட்டுக் கொடுக்கிறார்கள். நான் சத்தம் போட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த யாரோ வீட்டுக்காரர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். மருமகனின் மாமனார் மோதிரக் கையை நீட்டி, "செலவு ஆகுதுன்னு பாக்கறீங்களாட்ட இருக்குது. உங்களை யாரும் காசு கேக்கலீங்களே" என்றார். மூன்று கட்டடத்துக்காரன் என்னைப் பார்த்து! நான் அதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே போனேன். சொல்லியிருந்தால் கைகலப்பில் முடிந்திருக்கும்.

நர்ஸிடம் கேட்டு அக்காவின் வலது கைக் கட்டை அவிழ்த்தேன். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது.

"எங்கடா இருக்கறன்?"

"கோயமுத்தூருங்கக்கா. ஆஸ்பத்திரி."

"வேண்டாம்னு சொன்னனில்ல?"

அவளிடம் எதையும் மூடி மறைத்துப் பழக்கமில்லை, அதனால் அவிட்டம், அடைப்பு, குழாய் எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிட்டேன். நான் சொல்லி முடிக்கும் வரை மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி கேட்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்! "நான் எந்த நட்சத்திரத்துல பொறந்தன்னே அம்மாளுக்குத் தெரியாது. மழை பேஞ்ச அன்னிக்குன்னு சொல்லும். சாகறதுக்கு மட்டும் நட்சத்திரம் பாக்கறாங்களா?" என்றாள். மாஸ்க்கை வைத்து மூச்சு வாங்க விட்டேன். மறுபடி எடுக்கச் சொல்லிக் கை காட்டினாள். "பையன் பாவம்டா. கீழ சரக்குக் கெடக்குது. கம்பெனியை அடைக்க வெச்சராதே." மறுபடி மூச்சு. "அந்த ஊடும் வேண்டாம். இங்கயும் வேண்டாம். எங்கியாச்சும் கூட்டீட்டுப் போயிரு. குழாய் மட்டும் வேண்டாம் தம்பி."

எங்கேயாவது என்றால் எங்கே? நான் அப்போதுதான் மண்ணரையில் வீடு கட்டிப் பால் காய்ச்சியிருந்தேன். ராஜஸ்தானிலிருந்து மார்பிள் இறக்கி, தேக்கில் கதவு போட்டு, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன வீடு. ஒரு வருடம்கூட முழுசாகக் குடியிருக்கவில்லை. என் வீட்டுக்காரி தினமும் அந்தக் கதவைத் துடைப்பாள். வேலைக்காரியைத் துடைக்க விடமாட்டாள். அவளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, "நம்முளுதுக்குக் கூட்டியாரட்டுமா?" என்று கேட்டேன். எதிர்ப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன்.

"ஏனுங்க, வாசக்கால்ல பூசுன மஞ்சளே இன்னும் போகலீங்க" என்றாள்.

"தெரியும்."

"ஆறு மாசம் எங்கீங்க இருக்கறது?"

"கம்பெனி மேல பெட்டி அடுக்கற ரூம் இருக்குதில்ல."

பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பொறந்த ஊடு அதுக்கு இதுதானுங்களே. நாம வேண்டாம்னா அது எங்கீங்க போகும்? கூட்டியாங்க. உள் ரூம்பெல்லாம் இருட்டு. நான் ஹால்ல கட்டலைப் போட்டு வெக்கறன்" என்றாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய ஆட்களோடு பேரம் பேசி ஜெயித்திருக்கிறேன். இவளிடம் அன்றைக்குப் பேரமே இல்லை.

பெரிய டாக்டர் வந்தார். தங்கமான மனிதர்தான், குரலை உயர்த்தாமல் பேசுவார். நான் விஷயத்தைச் சொன்னதும், "நீங்க தம்பி. மகன் இருக்காரு, அவர் சம்மதம் குடுத்துட்டாரு" என்றார்.

"அவ வேண்டாங்கறா டாக்டர். அவளையே கேளுங்க."

"இந்த நிலைமையில பேஷண்ட் முடிவு எடுக்க முடியாதுங்க."

"இப்பத்தான் எங்கிட்டத் தெளிவாப் பேசுனா. உங்களுக்குத் தெரியலீன்னா, நீங்க கேக்கலீன்னு அர்த்தம்" என்றேன். "மெஷின் வெச்சா எழுந்திரிச்சு நடப்பாளா, அதைச் சொல்லுங்க." அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கொஞ்சம் டைம் கிடைக்கும், அவ்வளவுதான் என்றார். யாருக்கு டைம் என்று அவரும் சொல்லவில்லை. மகன் ஏன் அவ்வளவு அவசரமாக மெஷின் கேட்கிறான் என்று அவர் கேட்டதும் இல்லை. கேட்கிறார்கள், செய்கிறோம். படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து இப்படி ஒரு வரியில் நின்றால் கட்டிலில் கிடக்கிறவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அந்த டாக்டர் உள்ளே வந்தார். மாஸ்க்கைத் தானே விலக்கிக் குனிந்து, "அம்மா, மூச்சுக்குக் குழாய் வைக்கலாமா?" என்று கேட்டார். அக்கா அவரையே பார்த்தாள். "உங்கம்மாளுக்கு வெப்பீங்களா சாமி?" என்றாள். அவர் மாஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டு நிமிர்ந்தார். மருமகனைக் கூப்பிட்டு, "நீங்க கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு அனுப்பறேன். ஆக்ஸிஜன் கூடக் குடுத்து விடறேன். எதுவும் ஆனா நாங்க பொறுப்பில்ல" என்றார்.

மருமகனின் மாமனார் விடுவாரா? "நாளைக்கு ஊரு என்ன பேசும்? பெத்தவளை வெச்சுப் பாக்க வக்கில்லாம மாமன் ஊட்டுல கொண்டுபோய்ப் போட்டுட்டான்னு பேசாதா?" என்று குதித்தார். மருமகன் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தபடி நின்றான். நான் அவிழ்த்து விட்ட கையால் அக்கா இன்னொரு கையின் கட்டைத் தடவித் தடவி முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா வேண்டாங்குதுங்க" என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். போய்க் கையெழுத்துப் போட்டான். ஆம்புலன்ஸில் அவளுடைய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மண்ணரை வந்து இறங்கும்போது, "சரக்கு ஏறுன உடனே நானும் இங்கயே வந்தர்றனுங்க மாமா" என்றான். முதலில் தாய், பிறகு சரக்கு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாயே சரக்கை அனுப்பு என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஹாலில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டு வைத்திருந்தாள் என் வீட்டுக்காரி. அக்கா சுற்றிலும் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "இத்தனை கல்லைப் போட்டு வெச்சிருக்கியே, வழுக்கி உளுகறதுக்கா?" என்றாள். ஊரே மூக்கில் விரலை வைத்த மார்பிளுக்கு அவள் கொடுத்த மார்க் அவ்வளவுதான். எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரை வரச் சொன்னேன். "காப்பாத்தச் சொல்லாதீங்க, வலி தெரியாமப் பாத்துக்கறேன். அது என்னால முடியும்" என்று முதலிலேயே சொன்னார். தினமும் ஸ்கூட்டரில் வந்து ஊசி போட்டார். அவருக்குக் கொடுத்தது அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கேன்டீனுக்குப் போன காசுக்குக் காணாது. வலி குறைந்தது. முகம் தெளிந்தது. இத்தனை நாள் அவ்வளவு பெரிய கட்டடத்தில், அவ்வளவு படித்தவர்கள் மத்தியில், அவ்வளவு பணம் கட்டி, இது ஏன் நடக்கவில்லை?

கடை டீ வேண்டும் என்றாள். கோயம்புத்தூரில் வாய் வழியாகச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று எழுதி மாட்டியிருந்தார்கள். பேக்கரியில் வாங்கி வரச் செய்து, ஸ்பூனில் உதட்டை நனைத்தேன். சப்புக் கொட்டிப் பார்த்து, "சக்கரை பத்தலை" என்றாள். போட்டுக் கலக்கிக் கொடுத்தோம். இரண்டு ஸ்பூன் இறங்கியது. அவளிடம் தையல் பழகிய பெண்கள், தெக்குச் சீமையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், ஷிஃப்ட் முடிந்து கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டாள். "பண்ணு கண்ணு, எந்தச் சாமி பக்கத்துல இருக்குதோ அது வரட்டும்" என்றாள் அக்கா. எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஐசியூவில் ஒருவருக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள், அதுவும் மணி பார்த்துத்தான்.

ஒரு மாலை என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். "இன்னிக்கு என்னடா நட்சத்திரம்?"

"தெரியாதுங்கக்கா."

"பொய் சொல்றே. புது ஊட்டை அடைக்கோணும்ல?"

"அடைச்சுக்கறன்."

"கிறுக்கன்" என்றாள். என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அந்தக் கை அப்போது எதிலும் கட்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், கொட்டிப் போய் மறுபடி முளைத்திருந்த கொஞ்சம் முடியை என் வீட்டுக்காரி சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. மருமகன் பக்கத்தில் இருந்தான். முதல் கன்டெய்னரை அனுப்பிவிட்டு அன்று காலையில்தான் வந்திருந்தான். பஞ்சாங்கத்தின்படி உத்திரட்டாதி. தாண்டவில்லை. எங்கள் வழக்கப்படி செத்துப்போன அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணியைத் தம்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும். எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அலமாரியைத் திறந்தேன், எடுத்துப் போர்த்தினேன். காரியமெல்லாம் முடிந்தபின் வீட்டைப் பூட்டிவிட்டு, கம்பெனி மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் குடியேறினோம். அந்த தோஷத்தை நான் நம்புகிறேனா என்று கேட்டால், பாதி நம்புகிறேன். முழுதாக நம்பியிருந்தாலும் கூட்டி வந்திருப்பேன். என் வீட்டுக்காரி பேக்கிங் பெண்களோடு வரிசையில் நின்று குளித்தாள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. உறவுக்காரர்கள் மட்டும், கடைசி நேரத்தில் செலவுக்குப் பயந்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். புது வீட்டை அடைத்ததைப் பற்றி எவனும் பேசவில்லை.

இப்போது கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. திருப்பூரிலேயே நாலு ரோட்டுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது. மூச்சு மெஷினில் கிடந்த ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருந்தபோது, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் அவருடைய மகனிடம் வந்து, "நாள், நட்சத்திரம் ஏதும் பாக்கறீங்களாங்க சார்? பாக்கறதா இருந்தா முன்னாலயே சொல்லிட்டீங்கன்னா வசதியா இருக்கும்" என்று மரியாதையாகக் கேட்டது. அவனும் மரியாதையாகப் பதில் சொன்னான். ஒரு மனுசனுக்கும் அதில் கூச்சம் இல்லை. அன்றைக்கு வராந்தாவில் மெல்லச் சொன்னதை இன்றைக்கு உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வந்ததும் என் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அமெரிக்கா வரை போய்ப் படித்து வந்தவன், மூன்று கட்டடத்தையும் இப்போது அவன்தான் பார்க்கிறான். "நல்லாக் கேட்டுக்க. எனக்கு முடியாமப் போனா குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம். ஊட்டுக்குக் கூட்டியாந்துரு" என்றேன்.

"அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாங்கப்பா. இப்ப எதுக்குங்க அந்தப் பேச்சு?" என்றான்.

"அப்பன்னா எப்படா? அப்ப என்ற வாயில குழாய் இருக்கும். இப்பச் சொல்லு" என்றேன். அவன் சிரித்தான். என் தோளைத் தட்டினான். உங்களுக்கு நூறு வயசுப்பா என்றான். சரி என்ற ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. அவனை மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். நான் கெஞ்சி நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அவனை எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க? நான் இருந்தன்னா ஊட்டுக்குத்தான் கூட்டியாருவன். யாரு சொன்னாலும் உடமாட்டன்" என்றாள். திரும்பிப் போகிறவள் கதவருகில் நின்றாள். "உங்களுக்கு முன்னால நான் போயிட்டன்னா மட்டும் என்னைய நம்பாதீங்க."

அவளுக்கும் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. இரண்டு மாத்திரை மட்டும் போட்டுவிட்டு மூன்றாவதைப் போட்டேன் என்று பொய் சொல்வாள். இப்போதெல்லாம் நான்தான் பக்கத்தில் நின்று, அவள் மூன்றையும் விழுங்குகிறாளா என்று பார்த்துவிட்டுக் கம்பெனிக்குப் போகிறேன்.